மாமல்லபுரத்தில் பின்வரிசைக்காரர்கள்

அக்கா என்னை மாமல்லபுரத்துக்கு அனுப்பியது கோயில் பார்க்க இல்லை, ஆள் பார்க்க.

அவள் மகள் வடிவு, ஊரப்பாக்கத்துக்கும் செங்கல்பட்டுக்கும் நடுவே ஜி.எஸ்.டி. சாலையோரம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறாள். கார் கதவுக்குக் கீல் செய்கிற இடம். அங்கிருந்து ஒருவரை ஆறு மாதம் தென்னாப்பிரிக்காவில் டர்பன் என்கிற ஊருக்கு அனுப்பப் போகிறார்கள். போய்த் திரும்புகிறவருக்கு ஒரு பிரிவின் முழுப் பொறுப்பும் வரும். வடிவின் பெயரும் பேச்சில் அடிபடுகிறது. அதற்கு முன்னால் கடற்கரை ஓட்டலில் மூன்று நாள் தலைமைப் பயிற்சி. டர்பனிலிருந்தே பெரிய பதவியில் இருக்கிற இரண்டு பேர் வந்து, வேலையில் முன்னேறுவது எப்படி என்று பேசப் போகிறார்கள்.

"ஏல தம்பி, சோறு சும்மாவாம், தங்குறதும் சும்மாவாம். சும்மா எவம்ல குடுப்பான்? நீ போய்ப் பாரு. சரியில்லன்னு பட்டுதுன்னா பிள்ளைய கையோட கூட்டிட்டு வந்துரு. வேலையும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்" என்றாள் அக்கா. அத்தான் காலமாகிவிட்ட வீடு. வடிவு விஷயத்தில் தாய்மாமன் நான் என்ன சொல்கிறேனோ அதுதான் முடிவு.

சந்தேகப்படுவதற்கு என்னைவிடத் தகுந்த ஆள் எங்கள் குடும்பத்தில் கிடையாது. தென்காசியில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருக்கிறேன். படிப்பு எட்டாவதோடு சரி. இங்கிலீஷ் கிரிக்கெட் வர்ணனை கேட்டே வந்தது. அரசியல் கூட்டம், கல்யாணம், நற்செய்திக் கூட்டம், தேக்கு மரத்தில் போட்டால் பணம் காய்க்கும் என்ற கூட்டம், பத்துப் பேரைச் சேர்த்தால் உனக்குக் கார் என்ற கூட்டம் எல்லாவற்றுக்கும் மைக் கட்டியிருக்கிறேன். பேச்சு எனக்குப் பிடிக்கும். ஒருத்தர் சொன்ன நல்ல வார்த்தையைப் பத்து நாள் வாயில் போட்டு மென்றுகொண்டிருப்பேன். ஆனால் மைக்கில் பேசுவதையும், அதை அணைத்த பிறகு பக்கத்து ஆளிடம் பேசுவதையும் இருபது வருடமாகச் சேர்த்துக் கேட்டவன். எதையும் உடனே நம்பிவிட மாட்டேன்.

செங்கல்பட்டில் விடிகாலையில் இறங்கி, ஸ்டேஷன் எதிரில் இட்லிக்கு வடகறி வாங்கிச் சாப்பிட்டேன். எங்கள் ஊரில் இட்லிக்குச் சட்னியும் சாம்பாரும் சண்டை போடும். இங்கே மீந்த வடையை உதிர்த்து மசாலாவில் போட்டு மூன்றாவதாக ஒரு ஆளை இறக்கியிருக்கிறார்கள். மீந்துபோனதை வைத்து இவ்வளவு ருசியாகச் செய்கிற ஊரில் ஜாக்கிரதையாகத்தான் இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டேன்.

"மாமல்லபுரம் போகுமா?" என்று கேட்டுத்தான் பஸ் ஏறினேன். "போவும் போவும், ஏறு அண்ணாத்த" என்றார் ஒருவர். ஏரிகளும் வயலுமாகப் பஸ் போய்க்கொண்டே இருந்தது. கடைசியில் வரிசையாக ஒரே மாதிரிக் குடியிருப்புகளும், கழுத்தில் அடையாள அட்டை தொங்கச் சைக்கிளில் போகிறவர்களுமாக ஓர் இடம் வந்தது. கல்பாக்கம்.

"இன்னாபா, மாமல்லபுரம்னியே?" என்று நான் அவர் பேச்சிலேயே கேட்டேன்.

"போவும்னு சொன்னேன். இந்த பஸ்ஸு போவும்னா சொன்னேன்? இங்கேர்ந்து வேற வண்டி கீது" என்றார் அவர், கொஞ்சமும் கூசாமல்.

இட்லி சாப்பிடும்போது நினைத்தது சரிதான் என்று பட்டது. கடலோரமாக வந்த ஒரு வேனில் மீன் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்து ஓட்டல் போய்ச் சேர்ந்தபோது, என் சட்டையில் அடித்த வாடைக்கு வாசல் காவலாளி இரண்டு தடவை என் பெயரைக் கேட்டான்.

அறையில் ஒரு தட்டு நிறையப் பழம் வைத்திருந்தார்கள். தொடவில்லை. வடிவு வந்து பார்த்துவிட்டு, "மாமா, அது வெறும் ஆப்பிள். கையெழுத்தெல்லாம் கேக்க மாட்டாங்க" என்று சொல்லி ஒன்றை எடுத்துக் கடித்தாள்.

என்னைப் போல இன்னும் பத்துப் பன்னிரண்டு பேர் வந்திருந்தார்கள். பெண் பிள்ளைகளை ராத்தங்க அனுப்ப மாட்டோம் என்று பல வீடுகளில் சொல்லிவிட்டதால், ஒரு பெண்ணுக்கு வீட்டாளர் ஒருவர் கூட வரலாம் என்று கம்பெனியே இறங்கி வந்திருந்தது. அப்பா, அண்ணன், சித்தப்பா, ஒரு மாமியார். பயிற்சி நடக்கிற ஹாலில் முன்னால் பெண்கள். கடைசியில் எங்களுக்கென்று ஒரு வரிசை நாற்காலி. தலைமைப் பயிற்சிக்கு வந்த பெண்களைக் காவல் காக்கிற வரிசை.

எனக்குப் பக்கத்து நாற்காலி ஏகாம்பரம். மதுராந்தகம் பக்கம் நெல் விவசாயம் பார்த்துக்கொண்டிருந்தவர், இப்போது லாரி ஓட்டுகிறார். மகள் செல்வி, வடிவோடு ஒரே லைனில் வேலை. அவருக்கும் சந்தேகம் கம்மியில்லை.

நடுவயது அம்மாள் ஒருவரும், இளைஞர் ஒருவரும் உள்ளே வந்ததும் ஏகாம்பரம் என் தொடையைத் தட்டினார். "இன்னா அண்ணாத்த இது? வெளிநாட்டுக்காரங்கோன்னானுங்கோ. நம்ம கலர்ல கீறாங்கோ? டூப்பு வுடறானுங்களா?"

வெள்ளைக்காரர்கள் வருவார்கள் என்று எங்கள் வரிசையே எதிர்பார்த்திருந்தது. எல்லார் முகத்திலும் ஏமாந்த களை. நான் மட்டும் என்ன யோக்கியனா? வடிவின் போட்டோவைப் பார்த்துவிட்டு, "நிறம் கொஞ்சம் கம்மி" என்று சொன்ன மாப்பிள்ளை வீட்டார் எத்தனை பேரிடம் காப்பி டம்ளரைத் திரும்ப வாங்கியிருக்கிறேன்! அந்த அம்மாள் வடிவைவிட ஒரு மாற்றுதான் கூடக் கறுப்பு. இருந்தும் எனக்கும் முதலில் தோன்றியது, 'இவ்வளவுதானா?' என்பதுதான்.

அம்மாள் பெயர் நொம்சா. டர்பனில் கார் பாகங்கள் செய்யும் ஒரு தொழிற்சாலைக்கே தலைவர். கூட வந்தவர் தெம்பா, தொழிலாளர் வழக்குகள் பார்க்கிற வக்கீல். இருவரையும் அழைத்து வந்து அறிமுகம் செய்தவர் பாஸ்கரன் சார், வடிவின் மேலதிகாரி. மடிப்புக் கலையாத சட்டை, மெதுவான பேச்சு.

பேச்சு தொடங்குவதற்கு முன்னால் எங்கள் வரிசை எழுந்து ஒவ்வொருவராகப் பாஸ்கரன் சாரிடம் போனது. கைகூப்பி எல்லாரும் சொன்னது ஒன்றேதான். "உங்கள நம்பித்தான் விட்டிருக்கோம். பாத்துக்கோங்க சார்." ஏகாம்பரம் சொன்னார். நானும் சொன்னேன். பெண்ணை வேலைக்கு அனுப்புகிற வீட்டுக்காரர்கள் எந்த ஊரிலும் மேலதிகாரியிடம் சொல்கிற வார்த்தைதானே! சார் ஒவ்வொரு தடவையும் என் பொறுப்பு என்று நெஞ்சில் கை வைத்தார். வடிவு அப்போது ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தெம்பா முதலில் பேசினார். இங்கிலீஷைத் தமிழிலும் தமிழை இங்கிலீஷிலும் வடிவுதான் இருந்த இடத்திலிருந்தே மாற்றிச் சொன்னாள். அவர் புதிதாக வக்கீல் ஆனபோது, அலுவலகத்துக்கு வருகிற ஆட்கள் அவர் நிறத்தைப் பார்த்துவிட்டு, "வக்கீல் எப்போது வருவார்?" என்று கேட்பார்களாம். "ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவார்" என்று சொல்லி வெளியே போய், கோட்டைப் போட்டுக்கொண்டு உள்ளே வந்து, "வணக்கம், காக்க வைத்ததற்கு மன்னியுங்கள்" என்பாராம். ஹாலே சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் கதை கொஞ்சம் அதிகமாக மினுங்கியது. பல மேடை பார்த்துத் தேய்ந்த கதைக்குத்தான் அந்த மினுக்கம் வரும்.

ராத்திரிச் சாப்பாடு, தட்டை ஏந்திக்கொண்டு நாமே போய்ப் போட்டுக்கொள்கிற வகை. பந்தியில் உட்கார்ந்து இலை பார்த்து வளர்ந்தவனுக்கு, கையில் தட்டோடு வரிசையில் நிற்பது கூலிக்கு நிற்கிற மாதிரி இருந்தது. நொம்சா அம்மாள் வஞ்சிரம் வறுவலை ஒதுக்கிவிட்டு மாங்காய் ஊறுகாயைக் கரண்டி கரண்டியாகச் சோற்றில் போட்டார். அவர் ஊரில் தமிழ்க் குடும்பங்கள் நிறைய உண்டாம். ரொட்டியைக் குடைந்து அதற்குள் குழம்பை ஊற்றிச் சாப்பிடுகிற பழக்கமும் உண்டாம். "உங்கள் ஓட்டல்காரர்கள் எனக்காகக் காரத்தைக் குறைத்திருக்கிறார்கள். யார் கேட்டது?" என்று தெம்பாவிடம் குறைபட்டார்.

அப்போதுதான் அது நடந்தது. அம்மாள் பாஸ்கரன் சாரைப் பார்த்து, "உங்களுடைய ஜிக் எங்களைக் காப்பாற்றிவிட்டது. அதே மாதிரி எங்கள் ஆலையிலும் அமைக்க வேண்டும். அதற்குத்தான் ஆள் கேட்டோம்" என்றார். சார் தலையைச் சாய்த்து அதை ஏற்றுக்கொண்டார். வடிவின் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

ஜிக் என்றால், கீலுக்குத் துளை போடும்போது இரும்பு அசையாமல் பிடித்துக்கொள்கிற சட்டம். பொங்கலுக்கு ஊருக்கு வந்தபோது வடிவு ஒரு தேங்காய்ச் சிரட்டையையும் இரண்டு ஸ்பூனையும் வைத்து, "இப்படித்தான் மாமா புடிக்கும்" என்று எனக்குக் காட்டியது அதைத்தான்.

வெளியே வந்து, "அது நீ செஞ்சதுல்லா?" என்றேன்.

"மெதுவா பேசுங்க மாமா. ரிப்போர்ட்டு சார் பேர்லதான் போகும். எல்லா எடத்துலயும் அப்படித்தான்."

"அப்ப டர்பனுக்கு?"

"சாருக்கு வேண்டிய பையன் ஒருத்தன் இருக்கான். அவன அனுப்பதுக்குத்தான் சார் பாக்காரு. என் பேரு சும்மா ஒரு கணக்குக்கு."

ராத்திரி முழுக்க அதையே நினைத்துக்கொண்டு கிடந்ததில் எனக்கு அலைச் சத்தம்கூடக் காதில் விழவில்லை.

மறுநாள் நொம்சா அம்மாளின் முறை. ஒவ்வொரு பெண்ணும் எழுந்து, தான் செய்த ஒரு நல்ல வேலையை ஒரு நிமிடம் சொல்ல வேண்டும் என்றார். ஒருத்தி எழுந்தாள்: "எல்லாம் எங்க சாரோட வழிகாட்டுதல்." அடுத்தவள்: "சார் குடுத்த ஊக்கம்." செல்வி எழுந்து சாரையும் பார்த்து அப்பாவையும் பார்த்துவிட்டு, "பெரியவங்க ஆசீர்வாதம்" என்று உட்கார்ந்துவிட்டாள். வடிவும் அதே பாட்டுத்தான். எங்கள் வரிசை பெருமையோடு தலையாட்டியது. பிள்ளைகள் அடக்கமாக வளர்ந்திருக்கின்றன!

"உங்கள் சார் ஒருவரே இத்தனை வேலையும் செய்தால் அவர் தூங்குவது எப்போது?" என்றார் அம்மாள். பிறகு சொன்னார்: "வேலை தானாகப் பேசும் என்று என்னிடமும் சொன்னார்கள். வேலைக்கு வாய் கிடையாது. உங்களுக்கு உண்டு. ஒருநாள் எழுந்து நின்று 'இது நான் செய்தது' என்று சொன்னேன். இன்று இங்கே நிற்கிறேன்."

"இன்னா இது, அவங்கவங்க பெருமைய அவங்கவங்களே பேச சொல்லுது இந்தம்மா. அப்பால எவன் கட்டிக்குவான்?" என்று ஏகாம்பரம் முணுமுணுத்தார். முணுமுணுப்பு என்பது லாரி ஓட்டுகிறவர்களுக்கு வராது. ஹால் முழுக்கக் கேட்டது.

அம்மாள் எங்களைக் கை காட்டி, "முதல் நாளே கேட்க நினைத்தேன். பின்னால் இருக்கிறவர்கள் கம்பெனியின் இயக்குநர்களா?" என்றார்.

பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். வடிவு எழுந்து, "இல்லை அம்மா. எங்கள் வீட்டார். நாங்கள் எங்கே போகலாம், போகக்கூடாது என்று முடிவு செய்கிறவர்கள்" என்று இங்கிலீஷில் சொன்னாள்.

"அப்படியானால் நேற்றிலிருந்து நாங்கள் தவறான வரிசையோடு பேசிக்கொண்டிருக்கிறோம்" என்று சொல்லி, அம்மாள் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து எங்களுக்கு நேரே போட்டு உட்கார்ந்தார். எனக்குச் சுருக்கென்றது. பெண்களை வளைத்தது போதாதென்று எங்களையும் வளைக்க வருகிறார் என்றுதான் பட்டது.

"நேற்று எல்லாரும் கைகூப்பி இவரிடம் ஏதோ சொன்னீர்களே, என்ன அது?"

வடிவு மொழிபெயர்த்தாள். 'பாத்துக்கோங்க சார்.'

அம்மாள் சொன்னார்: "என் அம்மா என்னை ஒரு வெள்ளைக்கார வீட்டில் வேலைக்கு விட்டபோது அந்த வீட்டம்மாவிடம் இதையேதான் சொன்னாள். நம்பித்தான் சொன்னாள். அன்றிலிருந்து நான் நன்றாகச் சமைத்தால் அது அந்த அம்மா பழக்கியது. நான் படித்துத் தேறினால் அது அந்த அம்மாவின் நல்ல மனசு. பாதுகாக்கக் கொடுத்த பொருள் பேசக்கூடாது, பாருங்கள்."

பாஸ்கரன் சார் கடிகாரத்தைப் பார்த்து, தேநீர் இடைவேளை என்று அறிவித்தார்.

மதியத்துக்கு மேல் எல்லாரையும் சிற்பம் பார்க்கக் கூட்டிப்போனார்கள். மாமல்லபுரத்தில் கல் யானையும் பாசிமணியும் விற்கிறவர்கள் வெள்ளைத்தோலைக் கண்டால் கிலோமீட்டர் கணக்கில் பின்னாலேயே வருவார்கள். நொம்சா அம்மாளையும் தெம்பாவையும் பார்த்துவிட்டு ஒருவர்கூட அசையவில்லை. "இவங்கோ வாங்க மாட்டாங்கோபா" என்று ஒருத்தன் எங்கள் காதுபடவே சொன்னான். என்ன சொன்னான் என்று அம்மாள் கேட்டார். வடிவு தயங்கித் தயங்கிச் சொன்னாள்.

அம்மாள் வாய்விட்டுச் சிரித்தார். "எங்கள் ஊர்க் கடைகளில் திருடிவிடுவோம் என்று பின்னாலேயே வருவார்கள். இங்கே தொந்தரவே இல்லை. எனக்கு இது ஓய்வு!" அந்த வார்த்தை எனக்குப் பிடித்துவிட்டது. மினுக்கம் இல்லாமல், அப்போதுதான் அடுப்பிலிருந்து எடுத்த மாதிரி இருந்தது. இந்த அம்மாளிடம் கேட்டுவிடலாம் என்று அதற்குப் பிறகுதான் எனக்குத் துணிச்சல் வந்தது.

கடற்கரையில் அவர் செருப்பைக் கழற்றிவிட்டு ஒரு படகின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார். வடிவை மொழிபெயர்க்கச் சொல்லிவிட்டு நேராகவே கேட்டேன். "அம்மா, நான் மைக் கட்டுதவன். பேச்சுல ஒரு துண்டு விட்டுப்போனா எனக்குத் தெரிஞ்சிரும். 'நான் செஞ்சேன்னு சொன்னேன், இன்னைக்கு இங்க நிக்கேன்'னீங்க. அந்த ரெண்டுக்கும் நடுவுல என்ன நடந்துது? நீங்க விமானம் ஏறிருவீங்க. இவ திங்கக்கெழம அதே சார் முன்னால போய் நிக்கணும்."

வடிவு, "இதெல்லாம் எப்படி மாமா கேக்க?" என்றாள்.

"கேளு பிள்ள."

கேட்டாள். அம்மாள் தெம்பாவிடம் அவர்கள் மொழியில் ஏதோ சொன்னார். தெம்பா தலையாட்டிவிட்டுத் தண்ணீர்ப் பக்கம் போய்விட்டார்.

"நடுவில் நடந்ததைக் கேட்கிறீர்களா? என்னைக் கிடங்குக்கு மாற்றினார்கள். தொலைபேசி இல்லாத மேஜை. தேநீர் நேரத்தில் யாரும் பக்கத்தில் உட்கார மாட்டார்கள். இரண்டு வருடம்."

"அத ஏன் மேடையில சொல்லல?"

"என்னை அழைத்தது கம்பெனி. உற்சாகமாகப் பேசச் சொன்னார்கள்." அவர் மணலைக் காலால் கிளறினார். "நான் தனியாகப் போய்ச் சொன்னேன். அதுதான் தவறு. இரண்டாவது தடவை, நான் அந்த வேலையைச் செய்தபோது கண்ணால் பார்த்தவர்களைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு சொன்னேன். நான்கு பேர் கேட்கும்படி, வெளியாள் ஒருவர் இருக்கும்போது. அப்புறம் என்னை நகர்த்த முடியவில்லை." வடிவைப் பார்த்தார். "ஏன் கேட்கிறீர்கள் என்று நான் கேட்கப் போவதில்லை. நாளை மத்தியானம் வரை நான் இங்கே வெளியாள்தான்."

அறைக்குத் திரும்பும் வழியில் வடிவு எனக்கு முன்னால் வேகமாக நடந்தாள். நான் பேசிக்கொண்டே பின்னால் போனேன். ஒரு மனசு, கையோடு கூட்டிப்போய்விடு என்றது. இன்னொரு மனசு, இந்த அம்மாளே சாரோடு சேர்ந்து ஆழம் பார்க்கிறாரோ என்றது. வெளியாள், வெளியாள் என்கிறார். சாரிடமே ஆள் கேட்டு வந்தவர் எப்படி வெளியாள்? "நாளைக்கு நானே சார்ட்ட பக்குவமா பேசிப் பாக்கட்டுமா?" என்றேன். வடிவு நின்றாள்.

"நாலு வருசமா நீங்க எல்லாரும் என்னைக் காவல் காக்கீங்க மாமா. ஒருத்தராவது என் பேரச் சொல்லிருக்கீங்களா?"



மூன்றாம் நாள் விருந்து முடிந்து விடைபெறுகிற நேரம். பாஸ்கரன் சார் வாசலில் நின்றார், பக்கத்தில் விருந்தாளிகள் இருவரும். எங்கள் வரிசை பழக்கப்படி மறுபடி கைகூப்பிக்கொண்டு நகர ஆரம்பித்தது. 'பாத்துக்கோங்க சார்.' 'பாத்துக்கோங்க சார்.' என் முறை வந்தது. கை தன்னால் சேர்ந்துவிட்டது. வார்த்தை நுனி நாக்கில் நிற்கிறது.

"மாமா, நான் பேசிக்கிடுதேன்" என்றது பின்னால் வடிவின் குரல்.

நான் வரிசையை விட்டு விலகி நின்றேன். இந்த மூன்று நாளில் நான் செய்த வேலை என்று சொன்னால் அது ஒன்றுதான்.

வடிவோடு செல்வியும் இன்னும் இரண்டு பெண்களும் வந்திருந்தார்கள். வடிவு சாருக்கு நேராகப் போய் நின்றாள். இங்கிலீஷிலேயே சொன்னாள்: "சார், டர்பனில் அந்த ஜிக்கை நானே பொருத்துகிறேன். அதை யோசித்ததும் செய்ததும் நான்."

சாருக்கு முன்னால் செல்வி முந்திக்கொண்டாள். "ஆமா சார். மொத ரெண்டு தபா ஒடஞ்சிச்சி. மூணாவது தபா நான்தான் கையில புடிச்சிகினு நின்னேன். நீங்க அன்னிக்கு லீவு சார்."

பின்வரிசையில் ஒரு மாமியார் தன்னை மறந்து "அடிப்பாவி" என்றார். ஏகாம்பரத்துக்கு முகம் செத்துவிட்டது. சார் சிரித்தார். "நான் எப்பம்மா இல்லேன்னேன்? டீம் வொர்க்னு எழுதினேன், அவ்வளவுதான்." வடிவு இரண்டு பேர் சொன்னதையும் இங்கிலீஷில் மாற்றிச் சொன்னாள்.

"நல்லது" என்றார் நொம்சா அம்மாள். "அப்படியென்றால் எங்களிடம் வரப்போவது யார் என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. வடிவு." அந்தப் பெயரை அவர் 'வதிவூ' என்று இழுத்துச் சொன்னார். எல்லாருக்கும் கேட்கிற மாதிரி இரண்டு தடவை சொன்னார்.

சாயங்காலம் டெலிபோன் பூத்திலிருந்து அக்காவுக்குப் பேசினேன். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்றேன்.

"சார் என்ன செஞ்சாரு?"

"சிரிச்சாரு."

"வெளிநாட்டு ஆளுக முன்னால சிரிக்காம என்ன செய்வாரு? அவுக போன பெறகு எப்படி இருக்காருன்னு பாக்காண்டாமா? திங்கக்கெழம இருந்து பாத்துட்டு வா."

இந்தக் குடும்பத்தில் நான்தான் சந்தேகக்காரன் என்று மேலே எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன்.

திங்கட்கிழமை, தொழிற்சாலைக்கு எதிரே ஜி.எஸ்.டி. சாலையோரத் தேநீர்க் கடை. லாரியை ஓரம் கட்டிவிட்டு ஏகாம்பரமும் வந்திருந்தார். "மனசு கேக்கல அண்ணாத்த. அவ வாய வச்சிகினு சும்மா இருந்தாளா பாரு" என்று அரற்றிக்கொண்டே பட்டர் பிஸ்கட்டைத் தேநீரில் முக்கினார். அது கரைந்து உள்ளே விழுந்ததுகூட அவருக்குத் தெரியவில்லை.

ஷிப்ட் முடிந்து இருவரும் வந்தார்கள். செல்வி அழுதிருந்தாள்.

வடிவின் பெயரை டர்பனுக்கு அனுப்பிவிட்டார்கள். அதில் கை வைக்க முடியாது. செல்வியைத்தான், நாளையிலிருந்து முலாம் பூசுகிற பிரிவுக்கு, ராத்திரி ஷிப்டுக்கு மாற்றியிருந்தார்கள். அமிலப் புகை அடிக்கிற இடம். புது ஆட்களைக்கூட அங்கே போடுவதில்லையாம்.

படகோரத்தில் நொம்சா அம்மாளிடம் அத்தனை கேள்வி கேட்ட நான், பக்கத்தில் நின்று சாட்சி சொன்னவர்கள் பிறகு என்ன ஆனார்கள் என்று கேட்கவில்லை. என் சந்தேகமெல்லாம் என் வீட்டுப் பெண்ணோடு நின்றுவிட்டிருக்கிறது.

ஏகாம்பரம் எழுந்து துண்டை இடுப்பில் கட்டினார். "நான் போய் சார் கால்ல வுழுந்துடறேன். பொண்ணு தெரியாம பேசிட்சி, நீங்கதான் பாத்துக்கணும்னு சொல்றேன்."

"நைனா, வேணாம் நைனா" என்றாள் செல்வி.

"மாமா, நீங்க ரெண்டு பேரும் இங்கயே இருங்க" என்றாள் வடிவு. "செல்வி பழைய லைன்ல இருந்தாதான் நான் டர்பன் போவேன். இல்லன்னா போகல. அதச் சொல்லிட்டு வாரோம்."

நான் எழுந்துவிட்டேன். "பிள்ள, கைக்கு வந்தது போயிரும்."

"போனா போகட்டும். எனக்காக வந்து நின்னவள இங்க விட்டுட்டு, அங்க போயி யாருக்கு மாமா நான் பொறுப்பா இருக்கப் போறேன்?"

இரண்டு பேரும் சாலையைக் கடந்து திரும்ப உள்ளே போனார்கள். நாங்கள் பின்னாலேயே வாசல்வரை போய்விட்டோம். காவலாளி கையை நீட்டித் தடுத்தான். "யாரப் பாக்கணும்?"

"யாரையும் பாக்க வாணாம்பா. உள்ள செல்வி, வடிவுன்னு ரெண்டு பேரு போயிகிறாங்கோ" என்றார் ஏகாம்பரம்.

"அவங்களுக்கு நீங்க யாரு?"

ஏகாம்பரம் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். "வெளியாளு" என்றேன்.

உள்ளே விடவில்லை. வாசலோரமே உட்கார்ந்தோம்; விளக்குப் போடுகிற நேரம் ஆகிவிட்டது. பஸ்கள் போய்க்கொண்டே இருந்தன. ஒவ்வொரு தடவை உள்கதவு திறந்தபோதும் இருவரும் எழுந்து எழுந்து உட்கார்ந்தோம். கடைசியில் வந்தார்கள். செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்; வடிவின் கையில் மடித்த தாள் ஒன்று இருந்தது.

"பழைய லைன்தான் மாமா" என்றாள் வடிவு. "கேட்ட ஒடனே சரின்னுட்டாரு."

"ஒடனேயா?" என்று நானும் ஏகாம்பரமும் ஒரே நேரத்தில் கேட்டோம்.

"ஆமா, ஒடனே. அதான் எங்களுக்கும் நம்பிக்கையில்ல. எழுதிக் கையெழுத்து போட்டுத் தாங்க சார்னு அங்கயே உக்காந்துட்டோம். அதுக்குத்தான் இவ்வளவு நேரம்."